இரண்டு மூடு ரப்பர்

போன ஞாயிறு, சபையில் திருவிருந்துக்குப் பிள்ளைகளை ஆயத்தப்படுத்தும் திடப்படுத்தல் வகுப்பில், மிஷனரி ரிங்கல்தௌபே ஐயரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். 1806-இல் குமரி மாவட்டத்து மயிலாடிக்கு வந்தவர். தலைவரியும் கூலியில்லாத கட்டாய ஊழியமும் ஜனங்களைப் பிழிந்த காலம். வேதத்தில் சேர்ந்தால், அதாவது கிறிஸ்தவரானால், அதெல்லாம் நீங்கும் என்று நம்பி வந்தவர்கள் ஏராளம். ஐயர் எல்லாருக்கும் உடனே ஞானஸ்நானம் கொடுத்துவிடவில்லை; சோதித்துப் பார்த்தார். (வந்தவர்களைக் குறை சொல்ல எனக்கு நாக்கு வராது. என் பாட்டனுக்குப் பாட்டனும் அந்தக் கூட்டத்தில் நின்றிருப்பார்.)

பின்பெஞ்சில் ஒரு பிள்ளை கேட்டாள்: "சார், அப்போ இப்ப நம்மள யாரு சோதிக்கது?"

வசனம் கைவசம் இருந்தது. 2 கொரிந்தியர் 13:5. "நீங்கள் விசுவாசமுள்ளவர்களோவென்று உங்களை நீங்களே சோதித்து அறியுங்கள்."

"நமக்கு நாமளே மார்க்கு போட்டா எல்லாரும் பாஸ்தானே சார்?"

பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்து மழுப்பிவிட்டு ஜெபம் பண்ணி முடித்தேன்.

எனக்கு உறைத்தது வேறு. 2021 நவம்பர் மழையில் எங்கள் விளைக்கும் (தோட்டத்துக்கும்) அண்ணன் விளைக்கும் நடுவே எல்லையாக இருந்த கையாலை, மண்சுவர், இடிந்தது. ஜேசிபி வைத்துத் திரும்பக் கட்டியவன் நான். ஒரு முழம் அந்தப் பக்கம் தள்ளிக் கட்டினேன். அண்ணனுடைய இரண்டு மூடு ரப்பர், அதாவது இரண்டு மரம், என் பக்கம் வந்தது. அதிலிருந்து எங்களுக்குள் பேச்சு இல்லை. ஆனால் மாதாமாதம் ஒரே வரிசையில் முழங்கால்படியிட்டுத் திருவிருந்து எடுக்கிறோம். கன்வென்ஷனில் சாட்சி சொல்ல மைக் தந்தால் பத்து நிமிஷத்துக்குக் குறையாமல் பேசுகிறவனும் நான்தான்.

திங்கட்கிழமை விடியுமுன் போனேன். அண்ணன் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு பால் வெட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, கையாலைய பழைய எடத்துல மாத்திக் கட்டிருதேன்."

நிமிரவே இல்லை. சிரட்டையைத் துடைத்து வைத்தார்.

"அந்த ரெண்டு மூட்டுலயும் பட்டை தீந்து போச்சுலே. இப்ப தந்து என்னத்துக்கு?"

அடுத்த மரத்துக்குப் போய்விட்டார். அவர் சொன்னது சரி. இத்தனை வருஷம் பால் வெட்டிப் பட்டையை நான்தானே தீர்த்தேன்.

நேற்று ராத்திரி நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இத்தனை வருஷம், இரண்டு மூடு, மழை நாள் போக எத்தனை வெட்டு, கிலோ என்ன விலை என்று கணக்கு. வேதத்தில் வரும் ஆயக்காரன் (வரி வசூலிக்கிறவன்) சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்றான். நான் எடுத்ததை மட்டும் கொடுத்தால் போதாதா என்று பேரம் பேசிக்கொண்டிருக்கிறேன். வீட்டுக்காரி இரண்டு மடங்கிலேயே நிற்கிறாள்.