பாலக்காட்டில் குத்தகைக் கடை வாங்குகிறீர்களா? உள்வாடகையை முதலில் கேளுங்கள்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்திலிருந்து பாலக்காட்டுக்குத் தொழிலைக் கொண்டுபோக நினைப்பவர்கள், மீதமுள்ள குத்தகைக் காலத்தோடு கடை விலைக்கு வருகிறது என்றால் முன்பணம் கொடுப்பதற்குள் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

நான் பார்த்தது இரண்டு அறைக் கடை. கட்டடக்காரர்கள் கோவையில் இருக்கிறார்கள். முன்னறையில் என் ஜவுளி, பின்னறையை ஒரு தையல்காரருக்கு உள்வாடகைக்கு விடுவது என்று திட்டம். விலை பேசியதும் வில்லங்கம் பார்த்ததும் சிக்கலில்லாமல் முடிந்தன.

ஆதாரம் (பத்திரம்) எழுதுபவர் மலையாளக் குத்தகைப் பத்திரத்தை வாசித்துவிட்டு, "உள்வாடகைக்கு விடக்கூடாதுன்னு எங்கயும் இல்லைங்க, தைரியமா வாங்குங்க" என்றார். அவர் சொன்னது 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 108ஆம் பிரிவை வைத்து. பத்திரத்தில் தடை இல்லையென்றால் குத்தகைக்காரர் தன் உரிமையை விற்கலாம், உள்குத்தகைக்கும் விடலாம் என்கிறது அது. ஆனால் கட்டடம் என்று வந்தால் கேரளத்தின் 1965ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தையும் பார்க்க வேண்டும். அதன் 11ஆம் பிரிவில் கதை தலைகீழ். பத்திரமே அந்த உரிமையைக் கொடுத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால், உரிமையாளர் சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்கு விட்டாலும் காலி செய்யக் கேட்கலாம். உரிமையை இன்னொருவருக்கு மாற்றினாலும் கேட்கலாம். சித்தூர் வக்கீல் ஒருவர் இதை எடுத்துக்காட்டியபோதுதான் உறைத்தது: பின்னறை இருக்கட்டும், நான் வாங்குவதே இதற்குள் வருகிறது!

அந்தச் சம்மதத்துக்காக, கட்டடக்காரர்களின் வாடகையை வசூலிக்கும் பவர் ஏஜென்ட்டைப் பார்க்க அலைந்த அலைச்சல் கொஞ்சமில்லை. போகும்போதெல்லாம் ஆள் வெளியே. பிடித்தபோது, "யாருங்க கேக்கப்போறா, வாங்கிக்குங்க" என்று வாய்வார்த்தை. எழுத்தில் தரச் சொன்னதும் முகம் மாறியது. வக்கீல் அவருடைய பவர் பத்திரத்தின் நகலை வரவழைத்தார். வாடகை வாங்கி ரசீது தருவதற்கு மட்டும்தான் அதிகாரம்! அவர் எழுதிக் கொடுத்திருந்தாலும் செல்லாது. தயவுசெய்து பவர் பத்திரத்தை வரிவரியாகப் படியுங்கள்.

நேரே கோவைக்குப் போனேன். கட்டடக்காரர் வீட்டுப் பெரியம்மா பத்தே நிமிடத்தில் பேசி முடித்தார். "பின்னால யாரு இருக்காங்கன்னு எனக்குத் தெரியணும் தம்பி, அவ்வளவுதான்." குடும்பத்துப் பங்குதாரர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். மாற்றத்துக்குச் சம்மதம், பின்னறை உள்வாடகைக்குச் சம்மதம், ஆள் மாறினால் எழுத்தில் தெரிவிப்பது என்று மூன்றும் பதிவான பத்திரத்திலேயே ஏறியது. அன்றைக்குத்தான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

இன்னொன்று. விற்பவர் ஏற்கெனவே யாரையாவது உள்வாடகைக்கு வைத்திருக்கிறாரா என்று கடைக்கே போய்ப் பாருங்கள். அந்தக் காரணத்துக்காகக் காலி செய்யக் கேட்பது முதல் தடவை என்றால் உரிமையாளர் பதிவுத் தபாலில் அறிவிப்பு அனுப்பியாக வேண்டும். 30 நாளுக்குள் உள்வாடகையை முடித்துக்கொண்டால் அந்தக் காரணத்தில் மனுப் போட முடியாது. அதனால் அப்படித் தபால் வந்தால் வாங்காமல் திருப்பிவிடாதீர்கள். தையல்காரரோடு போடும் ஒப்பந்தமும் உங்கள் குத்தகை முடியும் தேதியைத் தாண்டக்கூடாது.