"யார் வீட்டுப் பிள்ளை?"

ரப்பர் தோட்டத்தில் இருந்தவரை யாரும் என் பெயரைக் கேட்டதில்லை. "யார் வீட்டுப் பிள்ளை?" என்பார்கள். அப்பா பெயரைச் சொன்னால் போதும், எந்த லயம் (வரிசை வீடு), அம்மா எந்த மர நிரையில் பால் வெட்டுகிறார் என்பதையெல்லாம் அவர்களே சொல்லிவிடுவார்கள். 42 வயதில், மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றங்களின் முறையில் நடக்கும் ஒரு தமிழ்ப் பேச்சுப் பயிற்சியில் சேர்ந்தேன். "முதல் பேச்சு உங்களைப் பற்றித்தான்" என்றார்கள். எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

இந்த முதல் பேச்சுக்கு ஐஸ் பிரேக்கர் என்று பெயர். 4 முதல் 6 நிமிடம். நேரம் காட்ட 4ஆவது நிமிடம் பச்சை அட்டை, 5இல் மஞ்சள், 6இல் சிவப்பு. அதற்கு மேல் 30 வினாடி பொறுப்பார்கள்.

நான் எழுதியதை நேரம் வைத்துப் படித்தால் 11 நிமிடம் வந்தது. தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்பதைத் தடுக்க 1960இல் அப்போதைய அமைச்சர் துன் சம்பந்தன் நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது, தாத்தா அதில் பங்கு எடுத்தது, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, நாங்கள் தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) வந்தது என்று எல்லாம் இருந்தது. கேட்டுவிட்டு வீட்டுக்காரர் சொன்னார்: "ஏம்மா, இது உன் அறிமுகமா, சம்பந்தன் வரலாறா?" அவர் சொன்னது சரிதான். அத்தனை பக்கத்தில் நான் ஒரு மூலையில்கூட இல்லை.

அப்புறம் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். பள்ளி விடுமுறையில் அப்பாவோடு விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது வேலையாட்களின் பெயர் கூப்பிடும் இடத்துக்குப் போவேன். தோட்டத்து எழுத்தரான கிராணி பெயர் கூப்பிடுவார். வீட்டில் சத்தமாகப் பேசியே அறியாத அப்பா, "இருக்கேங்க!" என்று கடைசி ஆள் வரை கேட்கும்படி சொல்வார். அந்தக் குரலை நான் எப்போதும் விரும்பினேன். எனக்கும் அப்படி ஒரு தடவை சொல்ல வேண்டும் என்றிருந்தது.

தொடக்கத்தையும் முடிவையும் மட்டும் மனப்பாடம் செய்தேன். நடுவுக்கு ஓர் அட்டையில் மூன்றே குறிப்புகள்: பெரட்டு, ஸ்கூல் பஸ், கடை. முழுவதையும் மனப்பாடம் செய்தால் ஒரு வரி தப்பினாலும் எல்லாம் போய்விடும். இன்னொன்று, சமையலறையில் நின்றுகொண்டு வாய்விட்டுப் பேசிப் பார்க்க வேண்டும். மனசுக்குள் படித்தால் நேரம் குறைவாகத்தான் காட்டும்.

அன்று "இருக்கேங்க!" என்றுதான் தொடங்கினேன். பின்வரிசையில் இருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். இரண்டாவது நிமிடத்தில் எல்லாம் மறந்துபோனது. அட்டையைப் பார்த்தேன், மூச்சு விட்டேன், தொடர்ந்தேன். எனக்கு அது ஒரு யுகம். மதிப்பீட்டாளரோ அந்த இடைவெளி நன்றாக இருந்தது என்றார். வலப்பக்கத்தை மட்டுமே பார்த்துப் பேசியதையும் சொன்னார். தடுமாற்றச் சொற்களை எண்ணியவர், 14 "வந்து" என்றார். நேரம் 5 நிமிடம் 10 வினாடி.

தேநீர் நேரத்தில் ஓர் அக்கா பக்கத்தில் வந்து நின்றார். எங்கள் தாமானில் மூன்றாவது லோரோங்கில் (சந்தில்) இருப்பவர். எட்டு வருடமாகப் பார்க்கிறேன், பெயர் தெரியாது. பெயரைச் சொன்னார். "எங்க அப்பாவும் பெரட்டுல அப்படித்தாம்மா..." என்று ஆரம்பித்தார். நான் வீடு போய்ச் சேர இரவு பத்தாகிவிட்டது.