கக்கன் கட்டுரையில் வெட்டிய பத்தி

கக்கன் நினைவு நாள் கட்டுரையில் நான் வெட்டியது ஒரே ஒரு பத்திதான். கடைசி நேரத்தில் விளம்பரம் வந்தால் முதலில் அடிபடுவது நினைவுக் கட்டுரை என்பது பத்திரிகை டெஸ்கில் உட்கார்ந்த எவருக்கும் தெரியும். எழுதிய பையன் மறுநாள் சண்டைக்கு வரவில்லை. "எளிமையா இருந்தாருன்னு மட்டும் போடுறதுக்கு, அவரு மந்திரியா இருந்திருக்கவே வேண்டாமேண்ணே" என்றான். டீ குடிக்கக் கூப்பிட்டேன். வந்தான். வேறு எதையோ பேசினோம்.

பத்தி 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டம் பற்றியது. 1963 அக்டோபரில் பக்தவத்சலம் முதல்வரானதும் கக்கன் உள்துறைக்கு வந்தார். போலீஸ் அவர் பொறுப்பு. 1965 ஜனவரி 25 அன்று மதுரையில் மாணவர் ஊர்வலத்தில் வெடித்த மோதல் மாநிலம் முழுக்கப் பரவியது. 27ஆம் தேதி அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரன் சுடப்பட்டு இறந்தார். பிப்ரவரியில் பொள்ளாச்சியிலும் துப்பாக்கிச் சூடு. இறந்தவர்கள் அரசுக் கணக்கில் சுமார் 70 பேர். வெளியே சொல்லப்பட்ட கணக்கு அதைப்போலப் பல மடங்கு. மத்திய அமைச்சர்கள் சி.சுப்பிரமணியமும் ஓ.வி.அளகேசனும் ராஜினாமா கொடுத்தார்கள். கக்கன் 1967 வரை பதவியில் இருந்தார். பையன் இவ்வளவுதான் எழுதியிருந்தான். வசவு ஒன்றும் இல்லை.

நான் விட்டுவைத்ததும் சின்ன விஷயமல்ல. மேலூர்ப் பக்கம் தும்பைப்பட்டியில் 1908இல் பிறந்தவர். 1939 ஜூலை 8 அன்று, தலித்துகளுக்கு அதுவரை மூடியிருந்த மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயரோடு போனவர்களில் ஒருவர். அரசியல் நிர்ணய சபை, 1952இல் மக்களவை, 1957இல் சட்டமன்றம், காமராஜர் அமைச்சரவையில் பொதுப்பணித் துறை. 1959இல் வைகை அணை திறந்தபோது அந்தத் துறை அவரிடம்தான். பிறகு 1967 தோல்வி. அப்புறம் எல்லோரும் எதிர்பார்க்கும் இடம்: மேயராக இருந்த மதுரை முத்துவைப் பார்க்கப் பெரியாஸ்பத்திரிக்கு வந்த எம்.ஜி.ஆர்., பொது வார்டில் கக்கனைப் பார்த்துத் திகைத்தது.

இடம்தான் பிரச்சினை என்றால் அந்த ஆஸ்பத்திரிக் கதையை வெட்டியிருக்கலாம். மதுரையில் அதைக் கேள்விப்படாதவர் யார்? அதைத் தொட என் கை போகவில்லை. வாசகர் கண் கலங்குவது அங்கேதான். இன்றைய எம்.எல்.ஏ.க்களின் கார் வரிசையைத் திட்ட நமக்குக் கக்கனின் பஸ் பயணம் வேண்டியிருக்கிறது. அதற்கு அவர் கையில் போலீஸ் துறை இருந்தது இடைஞ்சல்.

ஆனாலும் நான் செய்தது தப்பு என்று முழுதாக ஒப்புக்கொள்ள முடியவில்லை. சுடச் சொல்லும் முடிவில் கக்கனுடைய பங்கு எவ்வளவு, முதல்வருடையது எவ்வளவு? முதல்வர் பக்தவத்சலம், அந்த ஆட்சியின் பிடிவாதமும் அவர் பெயரிலேயே பேசப்படுகிறது. அணை கட்டினால் காமராஜர் ஆட்சி, துப்பாக்கி வெடித்தால் மட்டும் கக்கன் துறை என்று ஒரு தலித் அமைச்சரின் கணக்கை எழுதுவது நியாயமா? அதுவும் நினைவு நாளில், ஒற்றைப் பத்தியில்?

நல்ல வாதம்தான். பையனிடம் சொல்லியிருந்தால் ஒருவேளை தலையாட்டியிருப்பான். ஆனால் இது பிறகு வந்த யோசனை. வெட்டும்போது என் மனசில் இருந்தது விளம்பரத்தின் அளவு மட்டும். பிறகு வந்த காரணம் இத்தனை அழகாகப் பொருந்துவதே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. அதோடு, இந்த வாதத்தைத் திருப்பிப் போட்டால் பையன் சொன்னதில்தான் வந்து நிற்கிறது. கோயில் வாசலில் நிறுத்தப்பட்ட சாதியில் பிறந்தவர் ஒரு மாநிலத்தின் போலீஸைத் தன் பொறுப்பில் வைத்திருந்தார் என்றால், அது அதிகாரம். அதை மறைத்து அவரை ஆஸ்பத்திரிக் கட்டிலில் மட்டும் காட்டுவது மரியாதையா, இரக்கமா?

பையன் இப்போது வேறு பத்திரிகையில் இருக்கிறான். போனில் ஒருமுறை நானாகவே எடுத்தேன்: அந்தப் பத்தியை எங்கேதான் வைத்திருக்க முடியும்? ஆஸ்பத்திரிக்கு முன்னால் வைத்தால் அந்தக் கட்டில் தண்டனை மாதிரித் தெரியும். பின்னால் வைத்தால் நோயாளியை விசாரிப்பது மாதிரி இருக்கும்.

"வருஷப்படி வைக்கவேண்டியதுதானேண்ணே. 59, 65, 67, அப்புறம் ஆஸ்பத்திரி" என்றான்.

அப்படித்தான் முதலிலும் எழுதிக் கொடுத்திருந்தான்.