திருப்புத்தூரில் மார்கழித் திருவாதிரை

தில்லையில் ஆனந்தத் தாண்டவம், மதுரையில் சந்தியா தாண்டவம், திருநெல்வேலியில் முனித் தாண்டவம் என்று இறைவன் ஆடிய தலங்களைச் சொல்லிவரும் மரபில், கௌரி தாண்டவத்துக்கு உரிய தலம் செட்டிநாட்டின் மேற்குப் புறத்தில் உள்ள திருப்புத்தூர். காரைக்குடியிலிருந்து குன்றக்குடி, பிள்ளையார்பட்டி வழியாகச் சென்றால் ஒரு மணி நேரத்துக்குள் ஊரை அடைந்துவிடலாம். ஆனாலும் கற்பக விநாயகரை வணங்கியவர்களில் பலர் பிள்ளையார்பட்டியிலிருந்தே திரும்பிவிடுகிறார்கள். திருப்புத்தூர் வரை வருபவர்களும் பெரும்பாலும் யோக பைரவரை நாடி, தேய்பிறை அட்டமி நாள்களிலேயே வருகிறார்கள். யோக நிலையில் அமர்ந்திருக்கும் அந்தப் பைரவரின் அருளைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆயினும் இத்தலத்துக்கே உரிய ஆடலை உணர விரும்புகிறவர்கள் மார்கழித் திருவாதிரைக்கு முந்தைய இரவே வந்து கோயிலில் தங்கியிருக்க வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன்.

இறைவன் திருத்தளிநாதர், அம்மை சிவகாமி. தலமரம் கொன்றை. குன்றக்குடி ஆதீனத்தின் நிருவாகத்தில் உள்ள இக்கோயிலை ஞானசம்பந்தரும் நாவுக்கரசரும் பாடியிருக்கிறார்கள். வான்மீகி முனிவர் புற்றுக்குள் அமர்ந்து தவம் செய்த இடம் இது என்பது தலபுராணம். இதைவிட என் உள்ளத்தில் ஆழமாகப் பதிந்தது திருமகளின் கதை. ஆடல்வல்லானின் கௌரி தாண்டவத்தைக் கண்ணால் காண வேண்டும் என்று அவள் இங்கே தவமிருந்தாள். இறைவன் அவளுக்காக ஆடிக் காட்டினான். செல்வத்துக்கே தலைவியானவள் ஒன்றை வேண்டித் தவம் கிடந்தாள் என்பதும், அவள் வேண்டியது ஒரு காட்சி மட்டுமே என்பதும் எத்தனை முறை நினைத்தாலும் நெஞ்சை நெகிழ்விக்கின்றன.

திருவாதிரை என்பது ஒரே இரவில் தொடங்கி முடியும் விழா அன்று. பத்து நாள்களுக்கு முன்பே திருவெம்பாவைப் பாராயணம் தொடங்கிவிடுகிறது. அதை அருளிய மாணிக்கவாசகர் பிறந்த திருவாதவூர், மேலூருக்கு அருகே, இங்கிருந்து அதிக தொலைவில் இல்லை. அதனாலோ என்னவோ, இவ்வட்டாரத்து மக்கள் அப்பாடல்களைத் தங்கள் வீட்டுச் சொத்தாகவே கருதுகிறார்கள். நகரத்தார் இல்லங்களில் ஆண் குழந்தைகளுக்குக் கார்த்திகைப் புதுமை என்னும் சடங்கைச் செய்வதுபோலப் பெண் குழந்தைகளுக்குத் திருவாதிரைப் புதுமை செய்வது வழக்கம். வெளியூரில் குடியிருப்பவர்களும் அதற்காகக் குழந்தையோடு ஊருக்கு வந்துவிடுவார்கள்.

நள்ளிரவு கடந்து நாங்கள் கோயிலுக்குள் நுழைந்தபோது, பிராகாரத்தில் ஆச்சிமார்கள் ஏற்கெனவே பாடிக்கொண்டிருந்தார்கள். கையில் புத்தகம் வைத்திருந்தவர்கள் மிகச் சிலரே. மார்கழித் திருவாதிரை முழுநிலவை ஒட்டி வரும் நாள் ஆதலால், மதிலுக்கு மேலே வானம் முழுதும் வெளிச்சமாக இருந்தது. சோலைகள் திங்களோடு திளைக்கும் திருப்புத்தூர் என்று சம்பந்தர் பாடியதைப் பல ஆண்டுகளாகப் படித்திருக்கிறேன். அந்த வரியின் கீழேயே நின்றுகொண்டிருக்கிறோம் என்ற உணர்வு அன்றுதான் வந்தது. பனி கடுமையாக இருந்தபோதிலும் ஒருவரும் எழுந்து போகவில்லை.

நடராசப் பெருமானுக்கு ஆண்டில் ஆறு திருமுழுக்குகள் உண்டு. அவற்றுள் வைகறையில் நிகழும் இந்த மார்கழித் திருமுழுக்கு தனிச் சிறப்புடையது. மனிதர்களின் ஓராண்டு தேவர்களுக்கு ஒரு நாள் என்றும், அந்த நாளின் வைகறைப் பொழுது மார்கழி என்றும் சொல்வார்கள். எண்ணெய்க் காப்பில் தொடங்கி, மஞ்சள், பால், தயிர், தேன், பஞ்சாமிர்தம், இளநீர் என ஒவ்வொன்றாக நிகழ்ந்தன. பாலைச் சொரிந்தபோது, அது சடையிலும் தோளிலும் வழிந்து, தூக்கிய இடத்திருவடியின் விளிம்பில் திரண்டு, ஊன்றிய காலின் கீழ்க் கிடந்த முயலகன் மேல் சொட்டியது. எனக்குப் பக்கத்தில் நின்ற ஓர் ஆச்சி தம் பேத்தியை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, "கையப் பாக்காதத்தா, காலப் பாரு, பாட்டெல்லாம் கால்லதான் இருக்கு" என்றார்.

அவர் சொன்னதன் பொருள் அடுத்த சில நொடிகளில் விளங்கியது. அப்போது பாடப்பட்டுக்கொண்டிருந்தது திருவெம்பாவையின் இருபதாம் பாடல். 'போற்றி அருளுகநின் ஆதியாம் பாதமலர்' என்று தொடங்கும் அப்பாடல், வரிக்கு வரி திருவடியையே போற்றிச் செல்கிறது: எல்லா உயிர்க்கும் தோற்றமாம் பொற்பாதம், போகமாம் பூங்கழல்கள், ஈறாம் இணையடிகள், மாலும் நான்முகனும் காணாத புண்டரிகம், நாம் உய்ய ஆட்கொண்டருளும் பொன்மலர்கள். படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்னும் ஐந்தொழிலும் அதே வரிசையில் அங்கே இருக்கின்றன. உடுக்கையில் தோற்றம், அபயக் கரத்தில் காப்பு, ஏந்திய தீயில் அழிவு, ஊன்றிய திருவடியில் மறைப்பு, தூக்கிய திருவடியில் அருள் என்று சைவ சித்தாந்தம் விரித்துக் காட்டும் வடிவம் கண்ணெதிரே நீராடிக்கொண்டிருக்க, மாணிக்கவாசகரோ ஐந்தையும் திருவடியிலேயே கண்டு பாடியிருக்கிறார். சிறு வயதிலிருந்து மனப்பாடமாகச் சொல்லிவந்த பாடல், இறைவனின் திருமுன்னர், அந்தத் திருமேனியின் உரையாகவே ஒலித்தது.

திருமுழுக்கு நிறைந்து திரை போடப்பட்டது. அலங்காரத்துக்காகக் காத்திருந்த நேரத்தில் ஓதுவார், நாவுக்கரசரின் திருத்தாண்டகத்தைப் பாடினார். 'திருப்புத்தூரில் திருத்தளியான் காண் அவன்என் சிந்தை யானே' என்று ஒவ்வொரு பாடலும் முடியும்போது கூட்டமும் சேர்ந்துகொண்டது. இறைவன் இந்த ஊரில் இருக்கிறான் என்று சொல்லிய அதே மூச்சில், அவன் என் சிந்தையில் இருக்கிறான் என்றும் நாவுக்கரசரால் சொல்ல முடிந்திருக்கிறது. அவர் பாடிய ஊரிலேயே நின்று அதைப் பாடுவதற்குக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். திரை விலகித் தீபாராதனை நடந்தபோது எழுந்த ஒலியையும், என் கண்கள் நிறைந்ததையும் பற்றி அதிகம் எழுதத் தெரியவில்லை. பின்னர் நடராசரும் சிவகாமி அம்மையும் வீதியுலாவுக்கு எழுந்தருளினார்கள்.

நிவேதனமான களியைத் தொன்னையில் வாங்கிக்கொண்டோம். வறுத்த அரிசியும் பாசிப்பருப்பும் வெல்லமும் தேங்காயும் நெய்யும் சேர்ந்த இந்த எளிய உணவு சேந்தனாரை நினைவூட்டுவது. விறகு வெட்டிப் பிழைத்த அவர் மழை நாளில் வேறொன்றும் இல்லாமல் படைத்த களியை இறைவன் விரும்பி உண்டான்; மறுநாள் காலையில் தில்லைச் சந்நிதியில் களி சிதறிக் கிடந்தது. ஓடாமல் நின்ற தேர் அவர் திருப்பல்லாண்டு பாடியதும் ஓடியது என்பார்கள். காய்கள் பல சேர்ந்த கூட்டு இல்லாமல் செட்டிநாட்டு வீடுகளில் களியைப் பரிமாறுவதில்லை. பரங்கி, அவரை, மொச்சை, சர்க்கரைவள்ளி எனத் தையில் விளைவதெல்லாம் அதற்கு முன்னரே அதில் வந்து சேர்ந்துவிடுகிறது.

யோக பைரவரையும் வணங்கிவிட்டுப் புறப்பட்டோம். வரும் திருவாதிரைக்குச் செல்ல நினைப்பவர்கள் முதியவர்களுக்குக் கம்பளி எடுத்துச் செல்லுங்கள். திருமுழுக்குக்குப் பாலோ இளநீரோ கொண்டுசென்று கொடுங்கள். குழந்தைகள் இருந்தால் திருவெம்பாவையின் இருபதாம் பாடலையேனும் முன்கூட்டியே சொல்லிக்கொடுத்து அழைத்துச் செல்லுங்கள்.