மூக்கோரத்தில் மூன்று ஹேர்ட்ஸ்: யாழ்ப்பாண நரம்புச் சோதனை அறைக் குறிப்புகள்

2025 மே 6, செவ்வாய்

மயஸ்தீனியா (நரம்பின் செய்தி தசைக்குச் சரியாகப் போகாமல் தசை சீக்கிரம் களைக்கும் நோய்) சந்தேகம் என்றால் மீள்தூண்டல் சோதனை: நரம்பைத் திரும்பத் திரும்ப மின்னால் தூண்டி, தசையில் வரும் அலையைப் பார்ப்பது. அதற்கு முகத்தில் முதலில் எடுக்க வேண்டியது நேசாலிஸ் என்ற மூக்கோரத் தசை. கண்ணைச் சுற்றிய தசையை எடுத்தால் ஒரு இமைப்பே அடிக்கோட்டைக் குழப்பிவிடும்.

பதிவு மின்முனை மூக்கின் பக்கத்தில், ஒப்பீட்டு மின்முனை மறுபக்கத்தில், தரை மின்முனை நாடியில் (முகவாயில்). நெற்றியில் வைத்தால் திருநீறு, சந்தனம் எல்லாம் துடைக்க வேண்டும். பவுடரும் தேங்காய் எண்ணெயும் உள்ள முகத்தில் எதுவும் ஒட்டாது. மதுசாரப் பஞ்சால் துடைத்து, காயவிட்டே ஒட்ட வேண்டும்.

தூண்டல் காதுக்குச் சற்று முன்னால். தூண்டியைச் சொக்கைப் பக்கம் சரித்தால் மசெட்டர் என்ற மெல்லும் தசை நேரே துடித்து, அலை தொடக்கத்திலேயே கீழே இறங்கும். அந்தப் பதிவு உதவாது. அலை இனிப் பெருக்காது என்ற அளவுக்கு மேல் 20% கூட்டி, 3 ஹேர்ட்ஸில் (விநாடிக்கு 3 முறை) 10 தூண்டல்.

முதல் அலையோடு நாலாவதை ஒப்பிட்டு 10 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் கவனிக்கலாம். உண்மையான சரிவில் இரண்டாவது அலையிலேயே பெரிய இறக்கம் தெரியும். நாலு, அஞ்சில் அடிமட்டம், பிறகு சற்றே நிமிரும். ஏறி இறங்கித் தாறுமாறாக வந்தால் மின்முனை அசைந்திருக்கிறது. ஒரு நிமிடம் விட்டுத் திரும்ப எடுத்து, அதே வடிவம் வந்தால் மட்டும் எழுதுங்கள்.

2025 மே 9, வெள்ளி

மயஸ்தீனியாவுக்கு எடுக்கும் பிரிடோஸ்டிக்மின் குளிசையை 12 மணித்தியாலம் நிறுத்தியிருந்தால் நல்லது. விழுங்கவோ மூச்சுவிடவோ கஷ்டப்படுபவருக்கு அதை வைத்தியரே தீர்மானிக்க வேண்டும்; சோதனைக்காக நாமாக நிறுத்தச் சொல்லக் கூடாது.

லாம்பர்ட்-ஈட்டனை (நரம்பும் தசையும் சேருமிடத்தில் வரும் இன்னொரு நோய்) தேட முகம் சரிவராது. கை போதும்: சின்னவிரல் பக்கத் தசையில் ஓய்வு நிலை அலை சிறியதாயிருந்து, 10 விநாடி இறுக்கிப் பிடித்ததும் பெருக்க வேண்டும். வெளியில் எவ்வளவு வெயிலென்றாலும் ஏசி அறையில் கை குளிர்ந்துவிடும். குளிர்ந்த கை சரிவை மறைக்கும். 32 பாகைக்கு மேல் சூடாக்கிய பிறகே தொடங்குங்கள்.

2025 மே 14, புதன்

மயஸ்தீனியாவால் இமை மட்டும் தொங்குபவர்களில் பாதிக்கும் குறைவானோருக்கே மீள்தூண்டல் பிடிபடும். 'சாதாரணம்' என்று எழுதி அனுப்பிவிட்டால் நோயே தவறிப்போகும். அடுத்தது ஜிட்டர்: தசைநார் துடிக்கும் நேரம் ஒவ்வொரு முறையும் எவ்வளவு முன்பின்னாகிறது என்று பார்ப்பது. கண்ணைச் சுற்றிய தசையின் வெளியோரத்தில் மெல்லிய ஊசி, கீழ் வடிப்பு 1 கிலோஹேர்ட்ஸ், தூண்டிப் பார்த்தால் 10 ஹேர்ட்ஸ். இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவரா என்று முதலில் கேளுங்கள்.

ஜிட்டர் கூடினால் மயஸ்தீனியா என்று முடிவுகட்டவும் வேண்டாம். முகவாதம் வந்து மீண்ட பக்கத்திலும், போட்டுலினம் ஊசி போட்ட முகத்திலும் கூடும். அந்த ஊசி போட்டு மாதக்கணக்கானாலும் கூடும். அழகுக்குப் போட்டதை ஆக்கள் தாமாகச் சொல்லமாட்டார்கள். நேரே கேட்க வேண்டும்.