வாடகைக்குன்னு கேட்டாதான் கை இறங்காது

ஸ்கூல் பிள்ளைங்க குடும்பங்களுக்கு உதவி பண்ற ஒரு சின்ன அமைப்புல வேலை பாக்குறேன். காசு திரட்டுறதும் நாங்கதான், அதை எந்த வீட்டுக்கு எப்படிக் கொடுக்குறதுன்னு முடிவு பண்றதும் நாங்கதான், அதனால ரெண்டு பக்கத்துப் பேச்சும் காதுல விழும். சாப்பாட்டுக்குன்னு கேட்டா யாரும் இல்லைன்னு சொல்ல மாட்டாங்க, வாடகைக்குன்னு கேட்டா அதே ஆளு விசாரணை கமிஷனே வச்சிருவாரு. அந்தம்மாவோட புருஷன் என்ன பண்றாரு, குடிப்பாரா, சொந்தக்காரங்க யாருமே இல்லையா, சரி இந்த மாசம் கட்டிட்டோம் அடுத்த மாசம் என்ன பண்ணுவாங்க. பசின்னு சொன்னா இதுல ஒரு கேள்விகூட வராது பாருங்க. பசி பாவம், வாடகை பாக்கி பொறுப்பில்லாத்தனம், அப்படித்தான் நம்ம மனசுல பதிஞ்சு கிடக்கு.

ஆனா அந்த வீட்டுக்குள்ள ரெண்டும் ஒரே காசுதான். வாடகைக்கு எடுத்து வச்சிட்டு மிச்சத்துலதான் அடுப்பு எரியணும், அதனால ஒரு பிள்ளை சாப்பிடாம வருதுன்னு தெரியும்போது பாதி நேரம் பின்னாடி ஓடிக்கிட்டு இருக்குறது வாடகைப் பிரச்சனைதான். இதை முதல்ல கண்டுபிடிக்கிறது நாங்க இல்ல, கிளாஸ் டீச்சர். வெள்ளிக்கிழமை மதியம் ரெண்டாவது தடவை தட்டை நீட்டுற பையன், திங்கக்கிழமை முதல் பீரியட்லயே டெஸ்க்குல தலை சாய்க்கிற பொண்ணு, டைரியில அட்ரஸை அடிச்சு அதுக்கு மேல இன்னொண்ணு எழுதி அதையும் அடிச்சிருக்குறது. எனக்கு அந்த அட்ரஸ்தான் பயம். வீடு காலி பண்ணா தூரமாகும், தூரமானா லீவு கூடும், அப்புறம் ஸ்கூலே மாறும், பாதி வருஷத்துல மாறின பிள்ளை விட்ட பாடத்தை எட்டிப் பிடிக்கிறது லேசில்ல. ஒரு மாச பாக்கியோட முடிய வேண்டியது, கடைசியில புது வீட்டு அட்வான்ஸ், சாமான் ஏத்த வண்டி, புது யூனிஃபார்ம், புது புக்குன்னு பெரிய செலவா வந்து நிக்கும், அதுக்கும் நாங்கதான் போய் கையேந்தணும்.

அடுத்து இந்த போட்டோ விவகாரம். "ஒரு குழந்தை போட்டோ மட்டும் அனுப்புங்களேன், எங்க ஆபீஸ் குரூப்புல போட்டா மளமளன்னு வந்துரும்"னு கேக்காத ஆளே இல்ல, அவங்க சொல்றது பொய்யும் இல்ல. 2007-ல டெபோரா ஸ்மால், ஜார்ஜ் லோவன்ஸ்டீன், பால் ஸ்லோவிக்னு மூணு பேர் இதையே ஆராய்ச்சி பண்ணி வெளியிட்டாங்க. ஒரு குரூப்புக்கு பஞ்சத்தைப் பத்தின லட்சக்கணக்கு புள்ளிவிவரம் கொடுத்தாங்க, இன்னொரு குரூப்புக்கு ரோகியாங்கிற ஒரே ஒரு சின்னப் பொண்ணைப் பத்தி சொன்னாங்க, அந்தப் பொண்ணுக்கு கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு காசு விழுந்துச்சு. பொண்ணு கதையோட புள்ளிவிவரத்தையும் சேத்துக் கொடுத்தா? கதை மட்டும் கொடுத்தப்போ வந்ததைவிட குறைஞ்சுபோச்சு! கலெக்‌ஷன் பண்றவங்க இதைப் படிச்சா அடுத்த நிமிஷமே கேமராவைத் தூக்கத்தான் தோணும்.

இருந்தும் நாங்க அனுப்புறதில்ல. ரோகியா எங்கயோ இருக்குற பொண்ணு, எங்க பிள்ளை பக்கத்துத் தெருவுல இருக்கு, காசு போடுறவரோட மகனும் அதே கிளாஸ்லதான் உக்காந்திருக்கான். ஊருக்குள்ளயே திரட்டி ஊருக்குள்ளயே கொடுக்குறதுல இருக்குற பெரிய சிக்கலே இதுதான். 1989-ல வந்த ஐநா குழந்தைகள் உரிமை உடன்படிக்கையில 27-வது பிரிவு சாப்பாடு, துணி, வீடு மூணையும் பேர் சொல்லிக் கேக்குது, அதே உடன்படிக்கையில 16-வது பிரிவு குழந்தையோட அந்தரங்கத்தைக் காப்பாத்தணும்னு சொல்லுது, ஒண்ணைக் கொடுத்து இன்னொண்ணைப் பிடுங்கிக்கலாம்னு எங்கயும் எழுதல. ஒரு ஸ்பான்சர் மளிகைப் பையில அவங்க லோகோவை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ரெண்டுலயும் பெருசா அடிச்சுக் கொடுத்தாங்க, வாங்க வந்த எட்டாங்கிளாஸ் பையன் அங்கேயே தரையில உக்காந்து எல்லாத்தையும் வெளிய எடுத்து, பையை உள்வெளியாத் திருப்பி, மறுபடி அடுக்கிட்டுத்தான் கிளம்பினான். அதுக்கப்புறம் சாதாப் பைதான். ஸ்பான்சருக்கு முகம் சுருங்கிருச்சு, சுருங்கட்டும்.

வாடகையை யார் கையில கொடுக்குறதுங்குறதும் எங்களுக்குள்ள ஓயாத சண்டை. நேரா வீட்டு ஓனருக்கே கட்டிட்டா கணக்கு சுத்தமா இருக்கும், டோனர்ஸுக்கும் நிம்மதி. ஆனா ஒரு அம்மா ஃபார்மை நீட்டினதும் கையெழுத்துப் போடாம என்னையே பாத்துட்டு, "அக்கா, நீங்க போன் பண்ணீங்கன்னா நாளைக்கே அவரு எங்களை வேற மாதிரி பாப்பாரு, தண்ணி மோட்டார் போடச் சொல்லக்கூட வாய் வராது எனக்கு, எங்கிட்டயே கொடுங்க, நானே கட்டி ரசீது கொண்டாந்து தர்றேன்"னாங்க. கொடுத்தோம், ரசீது வந்துச்சு. இப்ப ரெண்டுல எது வேணும்னு குடும்பத்துக்கிட்டயே கேட்டுடுறோம். ஏமாத்துறவங்க இருக்கத்தான் செய்வாங்க, ஆனா அந்தப் பயத்துல மத்த எல்லாரையும் சந்தேகப்பட்டு சரிபாக்குறதுக்கு ஆகுற நேரமும் செலவுதான், அதுக்குள்ள ஓனர் பூட்டு மாத்தியிருப்பாரு.

அதனாலதான் டோனர்ஸ்கிட்ட இப்ப நான் அடிச்சுக் கேக்குறது, எதுக்குன்னு குறிக்காம கொஞ்சம் கொடுங்கன்னு. 'மளிகைக்கு மட்டும்'னு எழுதிக் கொடுத்த காசை வாடகைக்குத் தொட முடியாது, அக்கவுண்ட்ல பணம் கிடக்கும், வாசல்ல குடும்பம் நிக்கும். பெருசா ஒரே தடவை தர்றவரைவிட மாசாமாசம் சின்னதா ஆட்டோ டெபிட் போட்டவங்கதான் எங்களுக்குத் தெம்பு, ஏன்னா அந்தக் காசை நம்பித்தான் ஒரு அம்மாகிட்ட 'மூணு மாசத்துக்கு நாங்க பாத்துக்குறோம்'னு வாக்கு கொடுக்க முடியும். ஆடிட்டருக்கு ரசீது எல்லாம் உண்டு, ஆனா அதுல பேருக்குப் பதிலா நம்பர்தான் இருக்கும், எந்த நம்பர் எந்த வீடுங்குற நோட்டு பூட்டுன அலமாரியில.

இப்ப பரீட்சை முடிஞ்சு பெரிய லீவு வரப்போகுது, ஸ்கூல் சாப்பாடு நிக்கும். 2020-ல ஸ்கூலெல்லாம் மூடினப்போ உலகம் முழுக்க சுமார் 37 கோடி பிள்ளைங்களுக்கு ஸ்கூல் சாப்பாடு இல்லாமப் போச்சுன்னு உலக உணவுத் திட்டம் கணக்கு சொன்னப்ப எல்லாரும் பதறினோம், வருஷாவருஷம் லீவுல அதுவே சின்ன அளவுல நடக்குது, அதுக்கு யாரும் பதறுறதில்ல. மளிகைக்கு எப்படியும் சேந்துரும், அதுல எனக்குக் கவலையே இல்ல. டீச்சருங்க கொடுத்த லிஸ்ட்ல வாடகைன்னு குறிச்சிருக்குற வீடுங்கதான் பாக்கி, நாளைக்கு காலையில அதுக்குத்தான் போனைக் கையில எடுக்கணும்.