மொட்டை மாடியில் கேஸ் ஃபயர் பிட்: முதலில் மழைநீர்க் குழாயைப் பாருங்கள்

மொட்டை மாடியில் கேஸ் ஃபயர் பிட் (சுற்றி உட்கார்ந்து குளிர் காய்கிற கேஸ் நெருப்பு மேடை) வைக்க ஆசைப்படுகிறவர்கள், கடைக்குப் போகும் முன் மாடி ஏறி மழைநீர்க் குழாயின் வாய் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். எல்.பி.ஜி. காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வரை கனமானது. கசிந்தால் மேலே போய்க் கலையாது. தண்ணீர் மாதிரி தரையோடு ஓடி, பள்ளம் எங்கேயோ அங்கே தேங்கும். மாடித் தளத்தையோ மழைத்தண்ணீர் வடிவதற்காகவே குழாய்ப் பக்கம் சாய்த்துத்தான் போட்டிருப்பார்கள். எங்கள் வீட்டில் அந்தக் குழாய் கீழே கார் நிறுத்துகிற இடத்தில், தண்ணீர் மோட்டார் சுவிட்சுக்குப் பக்கத்தில் வந்து முடிகிறது. காற்றில் வெறும் 2 சதவீதம் கேஸ் கலந்தாலே ஒரு பொறி போதும். இதைக் கடைக்காரர் சொல்லவில்லை, பொருத்த வந்தவரும் சொல்லவில்லை. நாங்களாகத் தேடித் தெரிந்துகொண்டோம். அந்த ஆற்றாமை இன்னும் தீராததால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது பெங்களூரு ராமமூர்த்தி நகர் பக்கம், தனி வீடு. டிசம்பர், ஜனவரியில் ராத்திரி 15 டிகிரி வரை இறங்கும். மாடியில் உட்கார்ந்து பேச நெருப்பு இருந்தால் நன்றாக இருக்கும் என்று எல்லாருக்கும் ஆசை. விறகு என்றால் பக்கத்து வீட்டுக்குப் புகை போகும், பொறி பறக்கும். அதனால் கேஸ். அடுக்குமாடியில் இருப்பவர்கள் சங்கத்தின் எழுத்து அனுமதி இல்லாமல் இதைத் தொடவே வேண்டாம். மாடி அங்கே எல்லாருக்கும் பொது.

எங்கள் தெருவுக்குக் குழாய் எரிவாயு வந்துவிட்டது, அடுப்பு அதில்தான் எரிகிறது. அதில் வருவது இயற்கை எரிவாயு. அது காற்றைவிட லேசானது, திறந்த வெளியில் கசிந்தால் மேலே போய்விடும். மாடிக்கு அதுதான் சரி என்று எனக்குத் தோன்றியது. அதே இணைப்பை மாடிவரை நீட்டித் தர முடியுமா என்று கேட்கக் குழாய் எரிவாயு நிறுவனத்துக்குப் போனால், கவுண்டரில் இருந்தவர் விண்ணப்பத்தை வாங்கி வைத்துக்கொண்டு, ஆள் வந்து பார்ப்பார் என்றார். யாரும் வரவில்லை. திரும்பப் போனால் வேறொருவர், அடுப்புக்கும் கீசருக்கும் மட்டும்தான் தருவோம், வெளியில் எரிக்கிற எதற்கும் கிடையாது என்றார். சரி, அது அவர்கள் விதி. முதல் நாளே சொல்லியிருக்கலாமே! இதைக் கேட்ட பிளம்பர் ஒருவர், "நான் இழுத்துத் தர்றேன்கா, அவங்களுக்குத் தெரியவே வேண்டாம்" என்றார். தயவுசெய்து இதற்கு மட்டும் தலையாட்டாதீர்கள். மீட்டரும் குழாயும் அந்த நிறுவனத்தின் பொறுப்பில் உள்ளவை. வெளி ஆள் கை வைத்துக் கசிந்தால் சிக்கிக்கொள்வது நாம்தான்.

இதில் இன்னொன்றும் உண்டு. இயற்கை எரிவாயுவுக்கும் எல்.பி.ஜி.க்கும் ஜெட், அதாவது பர்னருக்குள் கேஸைப் பாய்ச்சுகிற சிறு துளையுள்ள பாகம், வேறு. ஒரே அளவு வாயுவில் எல்.பி.ஜி.க்கு ஏறக்குறைய இரண்டரை மடங்கு சூடு அதிகம், அதனால் ஜெட்டின் துளை சிறியதாக இருக்கும். இயற்கை எரிவாயுவுக்கான ஜெட்டில் எல்.பி.ஜி.யை விட்டால் ஆள் உயரத்துக்குக் கரிப்புகையோடு எரியும். வாங்கும்போதே அடியில் ஒட்டியிருக்கும் தகட்டைப் படித்து, எந்த கேஸுக்கானது, எவ்வளவு அழுத்தம் என்று பார்த்துவிடுங்கள். எங்களுடையது மணிக்கு 40,000 பி.டி.யு. (வெப்பத்தை அளக்கும் அலகு), எல்.பி.ஜி.க்கானது. அப்படியென்றால் முழுத் தீயில் மணிக்கு ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகக் குடிக்கும்.

அடுத்தது சிலிண்டர். வீட்டு இணைப்பில் வரும் 14.2 கிலோ சிவப்பு சிலிண்டர் சமையலுக்கு மட்டும்தான். 2000ஆம் ஆண்டின் எல்.பி.ஜி. விநியோக ஒழுங்குமுறை ஆணை அதை வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது என்கிறது. கடையில் சுலபமாகக் கிடைக்கிற 5 கிலோ சிலிண்டர் இந்த வேகத்துக்குத் தாங்காது. உள்ளே திரவம் ஆவியாக ஆவியாகச் சிலிண்டர் குளிர்ந்து, வெளியே வியர்த்து, தீ சுருங்கிவிடும். ஆக 19 கிலோ கமர்ஷியல் சிலிண்டர்தான். அதை வாங்க ஏஜென்சிக்குப் போனேன்.

"கடை பேர் என்னங்க?"

"கடை இல்லீங்க, வீடுதான். மாடியில ஃபயர் பிட் வைக்கிறோம்."

"வீடுன்னா சிவப்பு சிலிண்டரையே போட்டுக்குங்க. யாரு வந்து பார்க்கப் போறா?"

சட்டத்தை நமக்குச் சொல்ல வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருப்பவர் சொன்னது இது. எனக்கு வேண்டாம், முறையாக வேண்டும் என்றதும் கடை லைசென்ஸ் கேட்டார். அது இல்லை என்றதும் முகவரிச் சான்று கேட்டார். கரண்ட் பில்லைக் கொடுத்தேன். அது காலமான என் மாமனார் பெயரிலேயே இன்னும் இருக்கிறது, செல்லாது என்று திருப்பிவிட்டார். அன்றைக்கு அரை நாள் லீவு போனதுதான் மிச்சம். அடுத்த தடவை காத்தா (மாநகராட்சியின் சொத்துப் பதிவு) நகலும் சொத்து வரி ரசீதும் எடுத்துக்கொண்டு போய், நேராக மேலாளரைப் பார்த்தேன். வீட்டு மாடியில் வெளிப்புறப் பயன்பாட்டுக்கு என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள் என்றார், அவ்வளவுதான். கமர்ஷியல் இணைப்பு பதிவாகிவிட்டது. கவுண்டரிலேயே மல்லுக்கட்டாமல் மேலாளரிடம் போங்கள். வீட்டு உரிமையாளர் பெயரில் உள்ள தாள்களை முதலிலேயே எடுத்து வையுங்கள்.

இப்போது பொருத்த வந்தவர் கதை. கடை அனுப்பிய ஆள். வந்ததும் பையிலிருந்து எடுத்தது ஹை பிரஷர் ரெகுலேட்டர், ஹோட்டல் அடுப்புக்குப் போடுகிற திருகு வைத்தது. தகட்டில் இருப்பது 11 அங்குல நீர் அழுத்தம், அதாவது சுமார் 27 மில்லிபார். நம் வீட்டு அடுப்பு ரெகுலேட்டர் தருகிற 30 மில்லிபாருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. இதில் ஹை பிரஷர் எதற்கு என்று கேட்டால், "தீ நல்லா உசரமா வரும் மேடம்" என்றார். உயரமாக வந்தது உண்மைதான். பர்னரை விட்டு எம்பி, இரைச்சலோடு, ஜுவாலை தனியாக ஆடியது. உடனே நிறுத்தச் சொல்லிவிட்டேன். 19 கிலோ சிலிண்டருக்கான அடாப்டரும், 30 மில்லிபாருக்கு இறக்குகிற ரெகுலேட்டரும் கேட்டு வாங்கிப் பொருத்திய பிறகுதான் தீ பர்னரோடு ஒட்டி அமைதியாக எரிந்தது.

அதைவிடப் பெரிய கொடுமை கசிவு பார்த்த விதம். பாக்கெட்டிலிருந்து லைட்டரை எடுத்துப் பற்றவைத்து, ஒவ்வொரு இணைப்பாகக் கொண்டுபோனார். நான் போட்ட சத்தத்தில் கீழே இருந்த அத்தை படியேறி வந்துவிட்டார். பாத்திரம் தேய்க்கிற சோப்பைத் தண்ணீரில் கரைத்து, பழைய பெயின்ட் பிரஷால் நானே பூசினேன். எல்லா இடமும் சும்மா இருந்தது. நாபுக்குப் பின்னால், கை நுழையாத ஒரு நட்டில் மட்டும் கடுகளவு குமிழி ஒன்று மெல்ல ஊதி, உடைந்து, திரும்ப ஊதியது. முகர்ந்து பார்த்தால் வாசனையே தெரியாது, அவ்வளவு சின்னக் கசிவு. இறுக்கி, திரும்பப் பூசி, நுரை அசையாமல் நிற்கிறதா என்று பார்த்த பிறகே அவரைக் கீழே இறங்க விட்டேன். உங்கள் வீட்டுக்கு வருகிறவர் எத்தனை வருட அனுபவம் சொன்னாலும் சோப்புத் தண்ணீரை நீங்களே கலக்கி வையுங்கள்.

பர்னர் வைக்க மேடை கட்டிய மேஸ்திரி திருப்பத்தூர்க்காரர், நல்ல வேலைக்காரர். பர்னர் தட்டுக்கு அடியில் உள்ளறை, அதன் எதிரெதிர்ப் பக்கங்களில் தரையை ஒட்டி ஒவ்வொரு காற்றுத் துளை, ஒவ்வொன்றும் உள்ளங்கையைவிடப் பெரிது என்று வரைந்தே கொடுத்திருந்தேன். உள்ளே கசிந்தால் கேஸ் தேங்காமல் வெளியேற அதுதான் வழி. மறுநாள் மாடிக்குப் போனால் கிரானைட் பளபளவென்று ஒட்டியிருக்கிறது, துளைகளைக் காணோம். "ஓட்டை வச்சா மழைத்தண்ணி உள்ள போயிடும்கா, பார்க்கவும் நல்லா இல்ல. அதான் மூடிட்டேன்" என்றார். நல்ல எண்ணத்தில்தான் செய்திருக்கிறார். ஆனால் அந்த அறை அப்போது கேஸ் நிரப்பி வைக்கிற பெட்டிதான். காரணத்தை விளக்கியதும் அவரே பதறிப்போய்க் கட்டிங் மெஷினை எடுத்தார். கல்லை வெட்டித் துளையைத் திறந்து, எலி நுழையாமல் கம்பி வலை அடித்தோம். வரைபடம் மட்டும் கொடுத்தால் போதாது, எதற்காக என்பதையும் கட்டுகிறவருக்குச் சொல்லிவிட வேண்டும்.

சிலிண்டரை அந்த அறைக்குள் வைக்கவில்லை. மேடையிலிருந்து தள்ளி, வெயில் படாத கைப்பிடிச் சுவர் ஓரமாக, மழைநீர்க் குழாய்க்கும் மாடிப்படிக் கதவுக்கும் எதிர் மூலையில் நிற்கிறது. படிக்கதவை ஏன் சொல்கிறேன் என்றால் அதுவும் ஒரு பள்ளம்தான். கசிகிற கேஸ் படி வழியாக வீட்டுக்குள்ளேயே இறங்கிவிடும். கதவின் கீழ் நாலு அங்குலத்துக்கு ஒரு தடுப்பு கட்டிவிட்டோம். மேடையைச் சுற்றிப் பத்தடிக்குள் துணிக்கொடி, பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி, ஷீட் கூரை எதுவும் இல்லை. சோலார் ஹீட்டர் இருக்கிற பக்கத்தை முதலிலேயே தவிர்த்துவிட்டோம். பர்னர் தட்டுக்கும் தளத்துக்கும் இடையே காற்று போக இடைவெளி, உள்சுற்றுக்கு ஃபயர் பிரிக். கான்கிரீட்டும் சாதாரணக் கல்லும் நேரடிச் சூட்டில் விரிசல் விட்டுச் சிதறும், ஓட்டுக்குக் கீழே உள்ள வாட்டர் புரூஃபிங்கும் போய்விடும்.

கடையிலிருந்து அலங்காரத்துக்கு என்று ஒரு மூட்டை வெள்ளைக் கூழாங்கல் இலவசமாக வந்தது. அப்படியே திருப்பி அனுப்பினேன். ஆற்றுக்கல்லுக்குள் ஈரம் தங்கியிருக்கும், சூட்டில் அது ஆவியாகிக் கல் வெடித்துத் தெறிக்கும். குழந்தைகள் சுற்றி உட்காரும் இடம் அது. மீன் தொட்டிக் கடையில் எரிமலைக் கல் கிடைக்கிறது, நுண்துளை நிறைந்த கருஞ்சிவப்புக் கல், அதைத்தான் போட வேண்டும். முதல் தடவை எல்லாரையும் தள்ளி நிற்க வைத்து நன்றாக எரிய விடுங்கள். பர்னரைப் பற்றவைக்க எரிகிற சிறு பைலட் தீயையும் பக்கத்தில் உள்ள தெர்மோகப்பிள் கம்பியையும் கல்லால் மூடாதீர்கள்.

அந்தக் கம்பி இல்லாத ஃபயர் பிட்டை, விலை பாதியென்றாலும் வாங்க வேண்டாம். காற்றில் தீ அணைந்தால் கேஸைத் தானாக நிறுத்துவது அதுதான். வேலை செய்கிறதா என்று பார்த்தேன். சிலிண்டர் வால்வை மூடி, தீயைத் தானாக அணைய விட்டு, நாபைத் திறந்தபடியே வைத்துக் காது கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் உள்ளே "டக்" என்றது. வால்வு மூடிக்கொண்ட சத்தம். இத்தனை அலைச்சலில் எனக்கு நிம்மதி கிடைத்த இடம் அது.

இப்போது வீட்டில் எல்லாருக்கும் பழகிவிட்டது. அணைக்கும்போது முதலில் சிலிண்டரை மூடி, ஹோஸில் இருப்பது எரிந்து முடிந்த பிறகு நாபை மூடுகிறோம். தீ அணைந்துபோனால் ஐந்து நிமிடமாவது விட்டுத்தான் திரும்பப் பற்றவைப்பது. ஹோஸ் ஆரஞ்சு நிறச் சுரக்ஷா ஹோஸ், உள்ளே கம்பி வலை உள்ளது. அதில் அச்சிட்டிருக்கும் வருடத்தைப் பார்த்து, ஐந்து வருடத்தில் மாற்ற வேண்டும். வாசனை வந்தால் எந்த ஸ்விட்சையும் தொடாமல் சிலிண்டரை மூடிவிட்டு, தள்ளிப் போய் 1906க்கு அழைக்கச் சொல்லி அத்தைக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். எண்ணைப் படிக்கதவின் உட்பக்கம் பெரிதாக எழுதியும் ஒட்டியிருக்கிறேன்.

மழைக்காலம் முழுவதும் மூடி போட்டு வைத்திருந்து, குளிர் தொடங்கியதும் அப்படியே பற்றவைத்துவிடாதீர்கள். பர்னருக்குக் காற்று இழுக்கிற துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். எங்களுடையதில் குளவி மண்கூடு கட்டியிருந்தது. அதை எடுக்காமல் பற்றவைத்திருந்தால் தீ மஞ்சளாகிக் கரி பிடித்திருக்கும், இல்லையென்றால் பின்வாங்கி உள்ளேயே எரிந்திருக்கும். மெல்லிய கம்பியால் கிளறி, ஊதிச் சுத்தம் செய்து, இணைப்புகளில் மறுபடியும் சோப்புத் தண்ணீர் பூசிப் பார்த்த பிறகுதான் சிலிண்டரைத் திறந்தோம்.